ஒரே தீப்பெட்டி

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் இரவு ஒன்பது மணி ஆனதும் தெருவோரங்களில் நின்ற வாடகை மின்ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒன்றாக அடங்கிவிட்டன. செல்போனை நீட்டி கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் திறக்கவில்லை. விடிகாலை நான்கு மணி வரை அப்படித்தான். மறுநாள் இரவும் அதேதான்.

ஸ்கூட்டர் என்றால் நமக்கு நினைவு வருவது சீட்டில் உட்கார்ந்து, முன்னால் மளிகைப் பையை வைத்துக்கொண்டு போகிற வண்டி. அட்லாண்டாவில் அடங்கியது வேறு வகை. பிள்ளைகள் ஒரு காலைப் பலகையில் ஊன்றி மறு காலால் தரையை உதைத்து ஓட்டி விளையாடுவார்களே, அதற்கு ஒரு மோட்டாரும் பேட்டரியும் பொருத்திப் பெரியவர்கள் நின்றபடி போகும்படி செய்தது. 2017-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பேர்ட் என்ற நிறுவனம் இதைத் தெருவில் நிறுத்தி நிமிடக் கணக்கில் வாடகைக்கு விட்டது. நிறுத்தகம், காவலாளி, சாவி எதுவும் இல்லை. செயலியைத் திற, ஸ்கேன் செய், போ, போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிடு. இரண்டே ஆண்டுகளில் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றின் நடைபாதைகளில் இவை வந்து நின்றுவிட்டன.

அட்லாண்டா மேயர் தடை போட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கோடையில் அந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் ஸ்கூட்டரில் போன நான்கு பேர் வேறு வண்டிகள் மோதி இறந்திருந்தார்கள். இரவில் ஆபத்து அதிகம் என்று நகரம் முடிவு செய்தது. உயிர் போகும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தை விட இது மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தடை, யாரும் திட்டமிடாமலேயே, போக்குவரத்து அறிவியலுக்கு அபூர்வமான ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது.

ஒரு நகரத்தின் போக்குவரத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. “இந்த வண்டிகள் இல்லாவிட்டால் மக்கள் எப்படிப் போவார்கள்?” என்று கேட்டால், மனதில் பட்டதைச் சொல்வார்கள். அதில் பாதி நடந்தது, பாதி நினைத்தது. சாதாரணத் தடை என்றால் பாதிப்பேர் மீறுவார்கள், கணக்கு குழம்பும். இங்கே மீறவே வழியில்லை. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் இருக்கிற ஜிபிஎஸ் தான் நிற்கும் இடத்தை நிறுவனத்தின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றைப் போட்டு, இன்ன நேரத்தில் ஓடாதே என்று கட்டளை அனுப்பினால் வண்டி கீழ்ப்படிந்துவிடும். எட்டு மணிக்கு ஸ்கூட்டர் உள்ள நகரம், ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் இல்லாத அதே நகரம்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தடைக்கு முன்னும் பின்னும் கார்ப் பயணங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிட்டார்கள். 2022-இல் ‘நேச்சர் எனர்ஜி’ இதழில் முடிவு வந்தது: இரவு நேர அன்றாடப் பயணங்கள் 9 முதல் 11 விழுக்காடு வரை நீண்டிருந்தன. நகர விளையாட்டரங்கில் கால்பந்து ஆட்டம் நடந்த இரவுகளில் ஏறக்குறைய 37 விழுக்காடு.

அந்த இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவர்களில் ஸ்கூட்டரில் போகக்கூடியவர்கள் சிறு பகுதிதான். அவர்களில் சிலர் காருக்கு மாறியதால் மட்டும் பயண நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எப்படிக் கூடும்?

ரயில் நிலையத்தில் ஒற்றைச் சீட்டுக் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் சமாளிக்கக்கூடிய அளவில் 80 விழுக்காடு ஆட்கள் வந்தால், வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 விழுக்காடு வந்தால் 9 பேர். 95 என்றால் 19 பேர். கடைசியாகக் கூடியது ஐந்தே விழுக்காடு. வரிசையோ இரண்டு மடங்குக்கு மேல். சாலைச் சந்திப்பும் இப்படித்தான். காலியாக இருக்கும்போது நூறு வண்டிகள் கூடுதலாக வந்தாலும் வாங்கிக்கொள்ளும். விளிம்பில் இருக்கும்போது இருபது வண்டி வந்தாலே திணறிவிடும். ஆட்டம் முடிந்த இரவில் அரங்கத்தைச் சுற்றிய சாலைகள் விளிம்பில்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் காரில் ஏறாமல் விலகிப்போகிற ஒவ்வொருவரும், தனக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் சில நொடிகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கே அது தெரியாது.

இதிலிருந்து ஸ்கூட்டர் நல்லது என்ற முடிவுக்குத் தாவிவிட முடியாது. சாதாரண நாட்களின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2019-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இந்த வண்டியைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை தொடர்ந்து கணக்கிட்டார்கள். ஒரு பயணி ஒரு மைல் போவதற்கு 202 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்ப வாயுக்கள். காரை விடக் குறைவு, நிறைந்து ஓடும் பேருந்தை விட அதிகம். இதில் மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. பாதி, வண்டியைச் செய்வதில் போனது. 43 விழுக்காடு, இரவு தோறும் வேனில் சுற்றி அவற்றைப் பொறுக்கிக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி மறுபடி கொண்டுவந்து வைப்பதில் போனது. ஸ்கூட்டர் இல்லாவிட்டால் எப்படிப் போயிருப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய பாதிப்பேர் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்போம் என்றார்கள். காரில் போயிருப்போம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

வண்டிகளின் ஆயுளும் அற்பமாக இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் வெளியிட்ட தரவுகளை வைத்து ஒரு பத்திரிகையாளர் கணக்குப் போட்டபோது, தொடக்க காலத்தில் அங்கே விடப்பட்ட வண்டிகள் சராசரியாக 29 நாள்கூட நிலைக்கவில்லை என்று தெரிந்தது. பேர்ட் முதலில் இறக்கியது ஷியோமியின் எம்365 என்ற வீட்டு உபயோக வண்டி. எடை பன்னிரண்டரை கிலோ. பேட்டரியில் 280 வாட்-மணி. நம் வீட்டுக் கூரையில் சுற்றுகிற 70 வாட் மின்விசிறியை நாலு மணி நேரம் ஓட்டுகிற மின்சாரம். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளை முப்பது கிலோமீட்டர் வரை கொண்டுபோகும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. எனக்கு இது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் சொந்தப் பொருளாகப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதற்குச் செய்த வண்டியை, முகம் தெரியாத நூறு பேர் மழையிலும் வெயிலிலும் ஓட்டிச் சாய்த்துவிட்டுப் போனால் எத்தனை நாள் தாங்கும்?

அப்படியானால் இதன் மதிப்பை எங்கே தேடுவது? சாதாரண நாளில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். வேறு ஏதோ ஒன்று பழுதான நாளில் தேட வேண்டும். அடி விழுந்த பிறகு நகரம் எத்தனை விரைவில் எழுந்து நடக்கிறது என்பதைத்தான் மீள்திறன் என்கிறோம். அதற்கு முதல் தேவை, கையிருப்பில் ஒரு மாற்று.

மாற்று என்பது அவ்வளவு எளிதானதில்லை. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒரு அரிக்கேன் விளக்கும் இரண்டு சிம்னி விளக்குகளும் ஒரு கட்டு மெழுகுவத்தியும் எப்போதும் தயாராக இருக்கும். ஐப்பசி மாதத்தில் ஒரு இரவு. கரண்ட் போனது. அம்மா அலமாரியைத் தடவித் தீப்பெட்டியை எடுத்தார். நமுத்துப் போயிருந்தது. குச்சி குச்சியாக உரசினார், மருந்து உதிர்ந்ததே தவிரப் பற்றவில்லை. நான்கு விளக்குகள் இருந்தும் அன்று இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் இருந்தது நான்கு மாற்று என்று நினைத்திருந்தோம். உண்மையில் ஒரே தீப்பெட்டிதான் இருந்தது.

பொறியாளர்கள் இதைப் பொதுக் காரணப் பழுது என்பார்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மாற்று ஜெனரேட்டர்கள் இல்லாமல் இல்லை. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனதும் அவை ஓடத்தான் செய்தன. பிறகு வந்த சுனாமி, ஒன்றைத் தவிர மற்றவற்றைச் செயலிழக்க வைத்தது. தப்பிய அந்த ஒன்று காற்றால் குளிர்வது. கடல்நீரை நம்பி இருக்கவில்லை. மாற்று எத்தனை இருக்கிறது என்ற கேள்வியோடு, அவை எல்லாம் எதை நம்பி இருக்கின்றன என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கண்ணோடு ஸ்கூட்டரைப் பார்ப்போம்.

2019 டிசம்பர் 5-ஆம் தேதி பாரிஸில் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. நாற்பது நாட்களைத் தாண்டி நீண்டது. மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் 1, 14 ஆகிய இரண்டு தடங்கள் மட்டுமே முழுதாக இயங்கின. மற்ற தடங்கள் பலவற்றில் நாள்கணக்கில் கதவே திறக்கவில்லை. மக்கள் நடந்தார்கள், சைக்கிளை எடுத்தார்கள், ஸ்கூட்டரில் ஏறினார்கள். இதே மாதிரி லண்டனில் 2015 ஜூலை 9 அன்று சுரங்க ரயில் நின்றபோது, நகரத்தின் வாடகை சைக்கிள்கள் ஒரே நாளில் 73,094 முறை எடுக்கப்பட்டன. அதுவரை அப்படி ஒரு நாள் வந்ததில்லை. இரண்டு இடத்திலும் மாற்று வேலை செய்ததற்குக் காரணம், ரயிலை நிறுத்திய விசை சைக்கிளையும் ஸ்கூட்டரையும் தொடவில்லை. தீப்பெட்டி வேறு.

பாரிஸ் வேலைநிறுத்தம் தொடங்கிய மூன்றே மாதத்தில் வேறு சோதனை வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியது. மூடிய ரயில் பெட்டியில் அடுத்தவர் மூச்சுக்காற்றைச் சுவாசிக்கப் பயந்த நேரத்தில், திறந்தவெளியில் தனியாக நின்று போகிற வண்டியைத்தான் மக்கள் தேடுவார்கள் என்று எதிர்பார்ப்போம். நோயின் கணக்குப்படி அது சரி. ஆனால் அந்த மாதமே லைம், பேர்ட் ஆகிய பெரிய நிறுவனங்கள் பல நகரங்களிலிருந்து வண்டிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டன. வெளியே வருகிறவர் இல்லை, வருமானம் இல்லை. ஆள் வைத்து வண்டியைப் பராமரிக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு வேலைக்குப் போக வேண்டிய செவிலியர் ஒருவர் அன்று செயலியைத் திறந்திருந்தால், வரைபடம் வெறுமையாக இருந்திருக்கும். இங்கே தீப்பெட்டி நிறுவனத்தின் கல்லாப்பெட்டி. ரயிலுக்குக் கூட்டம் குறைந்தாலும் அரசு ஓட்டியாக வேண்டும். ஸ்கூட்டர் நிறுவனத்திடம் அப்படி ஒரு கடமையை யாரும் எழுதி வாங்கவில்லை. பிரிட்டன் அரசு அந்தக் கோடையிலேயே, பேருந்திலும் ரயிலிலும் இடம் குறைந்துபோனதை ஈடுகட்ட, வாடகை ஸ்கூட்டர் சோதனைகளை முன்கூட்டியே அனுமதித்தது. எடுத்துக்கொண்டு போவது நிறுவனத்தின் முடிவு, கொண்டுவருவது அரசின் முடிவு என்ற இந்த வித்தியாசத்தை நகரத் திட்டமிடுவோர் மனதில் வைக்க வேண்டும்.

புயலில் நிலைமை இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் கடைசியில் டோரியன் புயல் புளோரிடாவை நோக்கி வந்தபோது மயாமியில் வாடகை ஸ்கூட்டர்களைத் தெருவிலிருந்து எடுத்தார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும். சூறைக்காற்றில் பன்னிரண்டு கிலோ இரும்பும் அலுமினியமும் பறந்தால் அது எறிகல். மழைக்கும் வெள்ளத்துக்கும் இதை மாற்றாக நம்பிவிடக் கூடாது.

ஏன் என்பதற்குச் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் போதும். எம்365-இன் சக்கரம் எட்டரை அங்குலம், ஆரம் ஏறக்குறைய 10.8 சென்டிமீட்டர். முன்னால் 5 செ.மீ. உயர விளிம்பு ஒன்று இருக்கிறது என்போம், உடைந்த தாரின் ஓரம் மாதிரி. மெதுவாக அதன் மேல் ஏற, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலான விசையை முன்னோக்கிக் கொடுக்க வேண்டும். 34 செ.மீ. ஆரம் உள்ள சைக்கிள் சக்கரத்துக்கு அதே விளிம்பில் எடையின் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போதும். விளிம்பு சின்னச் சக்கரத்தின் மூக்கில் இடிக்கிறது, பெரிய சக்கரத்தின் காலில் தட்டுகிறது. வேகத்தில் போகும்போது சின்னச் சக்கரம் நின்றுவிடும். நின்றுகொண்டு ஓட்டுகிறவர் நிற்க மாட்டார், கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுவார். டெக்சஸின் ஆஸ்டின் நகரில் 2018-இன் பிற்பாதியில் மூன்று மாதம் நடந்த ஆய்வில், ஒரு லட்சம் பயணத்துக்கு 20 பேர் காயப்பட்டிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தலையில் அடி. காயப்பட்ட 190 பேரில் ஹெல்மெட் போட்டிருந்தவர் ஒருவர். காயப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் பயணம். மெட்ரோ நின்ற நாளில் முதல் முறையாக இதில் ஏறுகிறவரை நினைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி எண் என்னை உறுத்துகிறது. மாற்று வழியை நெருக்கடி நாளில் பழகக் கூடாது. முன்பே பழகியிருக்க வேண்டும். சாலையும் முன்பே சமமாக இருக்க வேண்டும்.

பாரிஸுக்குத் திரும்புகிறேன். அங்கே ஸ்கூட்டர் கடைசியில் தொழில்நுட்பத்தால் தோற்கவில்லை, நடைபாதையில் தோற்றது. 2020-இல் நகரம் மூன்று நிறுவனங்களை மட்டும் தேர்ந்து, ஆளுக்கு 5,000 வண்டி என்று வரம்பு கட்டியது. 2021 ஜூனில் சேன் நதிக்கரையில் நடந்துபோன 31 வயதுப் பெண் ஒருவர் இரண்டு பேர் ஏறி வந்த ஸ்கூட்டர் மோதி இறந்தார். கூட்டமான பகுதிகளில் வேகம் மணிக்கு 10 கி.மீ. எனக் குறைக்கப்பட்டது. கோபம் குறையவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று நகரம் மக்களிடம் வாக்குக் கேட்டது. வாக்களித்தவர்களில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் பட்டியலில் இருந்தவர்களில் எட்டு விழுக்காடுகூட இல்லை என்பது வேறு. அந்த ஆகஸ்டு முடிவோடு 15,000 வண்டிகளும் தெருவை விட்டுப் போயின. பார்வையற்ற ஒருவரின் கைத்தடியில் குறுக்கே கிடக்கும் வண்டி தட்டுப்படும்போது, அந்த வண்டி வேலைநிறுத்த நாளில் யாருக்கோ உதவும் என்ற வாதம் அவர் காதில் ஏறாது. ஏற வேண்டும் என்று கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. தெருவில் வாழ்கிறவர்களின் சம்மதமும் ஒரு தீப்பெட்டிதான். அதே ஆண்டு டிசம்பரில், இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்த பேர்ட் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு நம்பிக்கை தருகிற ஒரு காலைப்பொழுது இருக்கிறது. அது தைவானில். அங்கே ஸ்கூட்டர் என்றால் நம் ஊர் மாதிரி உட்கார்ந்து போகிற வண்டிதான். கோகோரோ என்ற நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர்களில், வண்டி பெரும்பாலும் ஓட்டுகிறவருக்குச் சொந்தம், பேட்டரி எல்லோருக்கும் பொது. பெட்ரோல் பங்க் ஓரத்திலும் கடை வாசலிலும் தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட அலமாரிகள் நிற்கின்றன. சீட்டைத் தூக்கி, ஒன்பது கிலோ அளவுள்ள தீர்ந்த பேட்டரியைக் கைப்பிடியால் உருவி ஒரு அறையில் செருகினால், நிறைந்த பேட்டரி வேறொரு அறையிலிருந்து வெளியே நீட்டும். நாடு முழுக்க இப்படிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பேட்டரிகள் சுற்றுகின்றன.

2024 ஏப்ரல் 3, காலை 7:58. கிழக்குக் கடற்கரையில் ஹுவாலியன் அருகே கால் நூற்றாண்டில் இல்லாத பெரிய நிலநடுக்கம். மின்நிலையங்கள் பல தாமாக அணைந்தன. ஏறக்குறைய 3,200 மெகாவாட் மின்சாரம் திடீரென்று காணாமல் போனது.

மின்கட்டமைப்பைத் தேர் இழுப்பதோடு ஒப்பிடலாம். வடத்தைப் பிடித்திருப்பவர்கள் ஜெனரேட்டர்கள், தேரின் பாரம் நாம் எடுக்கிற மின்சாரம். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுக்கிறார்கள். தைவானில் அந்தத் தாளம் நொடிக்கு 60 சுற்று. நூறு பேரில் பத்துப் பேர் திடீரென்று வடத்தை விட்டால் மற்றவர்கள் நடை தளரும். தாளம் 60-க்குக் கீழே இறங்கும். ரொம்ப இறங்கினால் மீதிப்பேரும் தங்களைக் காத்துக்கொள்ள வடத்தை விட்டுவிடுவார்கள், தேர் அப்படியே நிற்கும். நாடு முழுக்க இருட்டு. அதைத் தடுக்க இரண்டே வழி: புதிதாக ஆட்கள் ஓடி வந்து வடத்தைப் பிடிக்க வேண்டும், அல்லது தேரின் மேல் இருப்பவர்கள் சிலர் உடனே குதித்து இறங்க வேண்டும்.

பேட்டரி அலமாரிகள் குதித்து இறங்கின. 590 இடங்களில் இருந்தவை தாளம் இறங்கியதைத் தாமே உணர்ந்து, சில நொடிகளில் சார்ஜ் எடுப்பதை நிறுத்திக்கொண்டன. குறைந்த பாரம் 6 மெகாவாட். 3,200-க்கு எதிரே அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. தேரை அது மட்டும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் யாரும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லாமல், அணைந்த நிலையம் மீண்டும் எழுவதற்கு வெகு முன்பே அது நடந்தது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் நட்டமில்லை. அறைகளில் ஏற்கெனவே நிறைந்திருந்த பேட்டரிகள் அப்படியே இருந்தன.

பாரிஸிலும் அட்லாண்டாவிலும் ஸ்கூட்டர் ரயிலுக்கோ காருக்கோ மாற்றாக நின்றது, அல்லது நிற்க முடியாமல் போனது. இங்கே அதன் பேட்டரி, தான் நம்பியிருந்த மின்சாரத்தையே தாங்கிப் பிடிக்கப் பார்த்தது. மற்ற மின்நிலையங்கள் சுமையை ஏற்றுக்கொள்ள, தாளம் மறுபடி ஏறியது. அது சரியான அளவுக்கு வந்ததும் அலமாரிகள், நிறுத்தியது போலவே தாமாக, விட்ட இடத்திலிருந்து சார்ஜ் எடுக்கத் தொடங்கின.